மில்லுக்குள் ஓர் ஏற்காடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு உபயோகமாக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். "நல்ல அனுபவமா இருக்கட்டும் மேடம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல அனுபவம் எழுதுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் வாங்கிய கேடயங்களை வைக்கத் தனியாகக் கண்ணாடி அலமாரி செய்து வைத்திருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு சீட்டைப் பற்றி. என் கையால் எழுதிய சீட்டு, ஐந்தே வார்த்தை. அதை எழுதும்போதெல்லாம் நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் பொது மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அப்போது பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர், அவ்வளவுதான். எம்.டி. படித்தவள் என்று பலகையில் எழுதி மாட்டியும் பயனில்லை. முதல் வாரம் முழுக்க நிறைமாதக் கர்ப்பிணிகளாகக் கூட்டி வந்து என் மேஜை முன்னால் நிறுத்தினார்கள். "நான் நெஞ்சுவலி, வயித்துவலி, காய்ச்சல் பாக்கற டாக்டர்" என்று ஒரு மாமியாரிடம் விளக்கிச் சொன்னேன். "இதுவும் வயித்துவலிதானுங்களே" என்று அந்தம்மா நகராமல் உட்கார்ந்துவிட்டார்.

செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் குமாரபாளையம் பக்கத்தில் ஒரு நூல் மில்லின் டிஸ்பென்சரிக்குப் போவேன். அங்கேயும் பெண் தொழிலாளிகளுக்காக என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆண்களும் வந்தார்கள், ஆனால் பாதிப் பேர்தான். மீதிப் பாதிக்கு, என் முன்னால் சட்டைப் பித்தானைக் கழற்றுவதைவிட மூச்சு முட்டிச் சாவது கௌரவமாக இருந்தது. "துண்டு மேலயே வெச்சுப் பாருங்க அம்மிணி, நல்லாக் கேக்கும்" என்றார் ஒருவர். கேட்கவில்லை என்றதும் எழுந்து போய்விட்டார், அப்புறம் வரவே இல்லை. இந்த வெட்கப்பட்டவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருவார்கள்.

பஞ்சுத் தூசியில் பத்திருபது வருஷம் நின்றவர்களுக்கு நெஞ்சு இறுகிப்போகும். ஒரு நாள் லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் காலை வைத்ததும் இறுக்கம் அதிகமாகும். அதனால் அதற்கு அவர்கள் திங்கக்கிழமை இழுப்பு என்றே பேர் வைத்திருந்தார்கள். அப்படி இழுப்போடு என்னிடம் வந்து, வெட்கத்தை விட்டுச் சட்டையைக் கழற்றியவர்களில் ரொம்ப மோசமானவர்களுக்கு நான் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பேன். "தூசி இல்லாத இடத்தில் வேலை தரவும்." கீழே கையெழுத்து, முத்திரை. நிர்வாகம் எதற்கெடுத்தாலும் இழுத்தடிக்கும், ஆனால் இந்தச் சீட்டை மட்டும் அன்றைக்கே நிறைவேற்றியது. சீட்டு வாங்கியவர்கள் அடுத்த தடவை வரும்போது முகம் தெளிந்து வருவார்கள். ஆறு வருஷத்தில் ஒன்பது பேருக்கு அப்படி எழுதினேன். அந்த இடம் எது என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. டிஸ்பென்சரி கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, மில் ஷெட் இருநூறடி உள்ளே. இருநூறடி நடக்க எனக்கு நேரமில்லை.

அந்த வருஷம் ஆடி நோம்பிக்கு மில்லை மூடினார்கள். அதோடு மின்வெட்டும் சேர்ந்துகொள்ள, பத்துப் பன்னிரண்டு நாள் பூட்டியே கிடந்தது. திறந்த அன்றைக்குத் தேங்காய் உடைத்துப் பூசை போட்டு எல்லா மெஷினையும் ஒன்றாக ஓட விட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் திங்கட்கிழமை பழனியப்பன் என்ற மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஐம்பது வயது, பீடிப் பழக்கம், பழைய இழுப்பு. என்னிடம் சீட்டு வாங்கியவர்களில் அவரும் ஒருவர். இப்போது நல்ல காய்ச்சல், வறட்டு இருமல், கூடவே வயிற்றுப்போக்கு. காய்ச்சல் அவ்வளவு ஏறியும் நாடி அந்த அளவுக்கு ஏறவில்லை. புத்தி தடுமாறி, வார்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நூல் அறுந்துவிட்டது, முடிச்சுப் போடு என்று நர்ஸை அதட்டிக்கொண்டிருந்தார்.

வயிற்றுப்போக்கு, மெதுவான நாடி, உளறல். டைபாய்டு என்று முடிவு கட்டினேன். ரத்தப் பரிசோதனையும் டைபாய்டு என்றது. எங்கள் லேபில் அந்தப் பரிசோதனைக்கு நாற்காலியை அனுப்பியிருந்தாலும் டைபாய்டு என்றுதான் வந்திருக்கும், அது எனக்கும் தெரியும். நெஞ்சுப் படத்தில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்ததால் நிமோனியாவுக்குப் பென்சிலினும் சேர்த்துப் போட்டேன். எதுவும் கேட்கவில்லை. மருந்து கேட்காதபோது நீங்களும் நான் செய்ததைத்தான் செய்வீர்கள்: அதே மருந்தை இன்னும் அதிகமாகக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை ரவுண்ட்ஸ் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அவர் மனைவி பாவாயி கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. "எப்பவும் வர்ற இழுப்புதானுங்களே. இந்த வாட்டி மட்டும் ஏனுங்க இப்பிடி ஆச்சு?" என்று கேட்டார்.

"ஏற்கெனவே நெஞ்சு பலவீனம்மா" என்றேன்.

இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லப் பழகுவீர்கள். சொல்வதற்கு ரொம்பச் சௌகரியமானது. சொன்னவருடைய பொறுப்பு அதோடு தீர்ந்துபோகும், கேட்டவருக்கு மேலே கேட்க ஒன்றும் இருக்காது. எனக்குள் ஏதோ உறுத்தியது உண்மை. ஆனால் வெளியே ஐம்பது பேர் வரிசையில் நின்றார்கள். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் என்ற இன்னொரு மில் தொழிலாளியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதே காய்ச்சல், அதே வறட்டு இருமல், அதே வயிற்றுப்போக்கு. உளறல் மட்டும் வேறு மாதிரி. இவர் வார்டு பாயைப் பார்த்து மாமா என்று கூப்பிட்டுக் கல்யாணச் செலவு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலை ரவுண்ட்ஸில் பென்சிலின் அளவை ஏற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி நல்லம்மா ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார்.

"எதுக்கும்மா இது? அவருக்கு இன்னும் குணமாகலையே."

"அதுக்கில்லீங்க டாக்டரம்மா. போன வருசமே குடுக்கோணும்னு இருந்தனுங்க. நீங்க எழுதிக் குடுத்த சீட்டுலதானுங்க என்ற ஊட்டுக்காரரு ஏற்காட்டுல உக்காந்து வேலை பாக்கறாரு."

"ஏற்காடா? மில்லுலதானே வேலை?"

"மில்லுக்குள்ளதானுங்க. காத்து வர்ற பெரிய கொழாய் இருக்குதுங்களே, அதுக்கு நேர் கீழ. ஜில்லுன்னு சாரலடிக்குமாமா. தூசி துளிகூட அண்டாதாமா. அதனால அல்லாரும் அந்த எடத்தை ஏற்காடுன்னுதான் சொல்லுவாங்க. பழனியப்பண்ணனும் இவரும் அங்கதான் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நூல் சுத்தற காலி பாபின் பிரிப்பாங்க. உங்க புண்ணியமுங்க."

முறுக்குப் பொட்டலத்தோடு அப்படியே நின்றேன்.

நூல் மில்லில் காற்று காய்ந்தால் நூல் அறும். அதனால் ஒரு பெரிய அறைக்குள் தண்ணீரைப் பூவாகத் தெளித்து, அதன் வழியாகக் காற்றை இழுத்து, ஈரமாக்கி ஷெட்டுக்குள் அனுப்புவார்கள். அதைப் பிளாண்ட் என்பார்கள். தெளிக்கிற தண்ணீர் கீழே ஒரு தொட்டியில் விழுந்து திரும்பத் திரும்பச் சுற்றிவரும். பன்னிரண்டு நாள் அந்தத் தண்ணீர் ஆடி வெக்கையில் அசையாமல் கிடந்திருக்கிறது. பிறகு தேங்காய் உடைத்து, அதை இவர்கள் மூக்குக்கு நேராகத் தெளித்திருக்கிறார்கள்.

இந்த நோய் எனக்குத் தெரியாதது இல்லை. அதுதான் கொடுமை. முதுகலை படிக்கும்போது நானே இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் ஒரு ஹோட்டலில் கூடிய பழைய ராணுவக்காரர்கள் கொத்தாக நிமோனியாவில் விழுந்தது, அதனால் அதற்கு லீஜனேர்ஸ் நோய் என்று பெயர் வந்தது, தேங்கின தண்ணீரில் வளர்ந்து காற்றோடு பறந்து வரும் கிருமி, பென்சிலின் கேட்காது, எரித்ரோமைசின் கேட்கும். எல்லாம் ஒப்பித்தேன். ஒப்பித்துவிட்டு, இது ஏ.சி. வைத்திருக்கும் பணக்காரர்களுக்கு வருவது, நம் பக்கம் சினிமாக் கொட்டகையிலேயே ஃபேன் சுற்றாது என்று ஒரு நகைச்சுவையும் சொன்னேன். கைத்தட்டல் அதற்குத்தான் விழுந்தது.

செங்கோடனுக்கு அந்த நிமிஷமே மருந்தை மாற்றினேன். எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். அது திங்கட்கிழமை மத்தியானம். டிஸ்பென்சரி நாளும் இல்லை, நேரமும் இல்லை. வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு யாருக்குப் பிரசவம் என்று கேட்டார்.

வருகைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸில் என் சீட்டுகளைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொன்னேன். ஒன்பதும் ஒரே கையெழுத்தில் ஒரே வார்த்தைகளோடு இருந்தன. ஒன்பது பேரில் ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் என் வார்டில் இருக்கிறார். மூன்று பேர் காய்ச்சல் என்று லீவு சொல்லி வீட்டில் இருக்கிறார்கள். மீதி நாலு பேர் இந்த நிமிஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் கிடந்த மூவரையும் மில் ஜீப்பில் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, ஆறு வருஷத்தில் முதல் முறையாக அந்த இருநூறடியை நடந்தேன்.

ஷெட்டுக்குள் பஞ்சு மூட்டமாகப் பறந்துகொண்டிருந்தது. கோடி மூலையில் மட்டும் காற்று சுத்தமாக இருந்தது. அங்கே தலைக்கு மேலே ஒரு பெரிய தகரக் குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதிலிருந்து வந்த சாரல் என் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. அதன் கீழே நாலு பேர் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க டாக்டரம்மா, ஏற்காட்டுக்கு வாங்க!" என்றார் ஒருவர். நாலு பேர் முகத்திலும் அவ்வளவு சந்தோஷம். விருந்தாளிக்கு இடம் விடுவதுபோல ஒருவர் தள்ளி உட்கார்ந்தார்.

மேனேஜர் மரியாதையான மனிதர். எனக்கு நாற்காலி போட்டு, மோர் வரவழைத்து, முழுக்கக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, இவங்கெல்லாம் ஏற்கெனவே நெஞ்சு பலவீனமானவங்கதானுங்களே?" என்றார்.

என் வாக்கியமே மூன்றே நாளில் என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

"பிளாண்டை நிறுத்துங்க. தொட்டியைக் கழுவிட்டு ஓட்டுங்க" என்றேன்.

"நூல் அறுந்து போயிருமுங்க. மேல மொதலாளி கேப்பாரு. ரத்தப் பரிசோதனையில வந்துருச்சுங்களா?"

"வரல. வர மாசக்கணக்கா ஆகும்."

"வந்தொடனே சொல்லுங்க, நிறுத்திப் போடலாம்."

இங்கேதான் கவனிக்க வேண்டும். என்னிடம் நிரூபணம் இல்லை. பிளாண்டை நிறுத்த எனக்கு அதிகாரமும் இல்லை. அந்த மில்லில் எனக்கு இருந்த ஒரே அதிகாரம் சீட்டு எழுதுவது. என் சீட்டுக்கு அவர்கள் கட்டுப்படுவார்கள், ஆறு வருஷமாகக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். மோரைக் குடித்துவிட்டு மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து நாலு சீட்டு எழுதினேன். "இவரை உடனே பழையபடி தூசி உள்ள இடத்தில் அமர்த்தவும்."

மேனேஜர் மூன்று தடவை படித்தார். "தூசி உள்ள இடத்துலீங்களா?" என்று உறுதி செய்துகொண்டார். ஆமாம் என்றேன். மருத்துவ வரலாற்றிலேயே இப்படி ஒரு சிபாரிசை எழுதிய டாக்டர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் பத்து நிமிஷத்தில் அந்த நாலு பேரும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள்.

"நாங்க என்னங்க தப்புப் பண்ணுனோம்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். சற்று முன்னால் எனக்கு இடம் விட்டவர். எதைச் சொன்னாலும் பழனியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்கு எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

மேனேஜரிடம் திரும்பி வந்து, "இப்ப எடம் காலி. உங்க நாற்காலியைக் கொண்டுபோய் அங்க போட்டு ஒரு வாரம் உக்காந்து கணக்குப் பாருங்க. பிளாண்டை நிறுத்தச் சொல்லி இனிமே நான் கேக்க மாட்டேன்" என்றேன். அவர் குழாய் இருந்த திசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுத்த ஷிப்ட் மாறும்போது பிளாண்ட் நின்றுவிட்டது. பதிவேட்டில் மோட்டார் ரிப்பேர் என்று எழுதியிருந்தார்கள். அந்த மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என்ன பேரில் நின்றால் என்ன?

மறுநாள் தொட்டியை இறைத்தார்கள். வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு இறங்கிய ஃபிட்டர், வாளி வாளியாகக் கறுப்புக் குழம்பையும், ஒரு செத்த தவளையையும், ஒற்றைச் செருப்பையும் வெளியே எடுத்துப் போட்டார். சாரலைத் தடுக்க உள்ளே வைத்திருந்த தகடுகளில் இரண்டு எப்போதோ கழன்று விழுந்திருந்தன. "இது விழுந்து ரெண்டு வருசமிருக்குமுங்க. சாரல் நல்லாருக்குதுன்னு கீழ உக்காந்திருந்தவங்கதான் மாட்ட வேண்டாம்னாங்க" என்றார்.

செங்கோடனுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வார்டு பாயை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்தினார். ஜீப்பில் வந்த மூவரும் எரித்ரோமைசினில் எழுந்து உட்கார்ந்தார்கள். கதையை இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் ஒரு கேடயம் கிடைத்திருக்கும்.

அறிக்கை எழுதும் வேலை பாக்கி இருந்தது. வாரா வாரம் ஜில்லா சுகாதார அலுவலகத்துக்கு ஒரு படிவம் அனுப்புவோம். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை என்று கட்டம் கட்டமாக இருக்கும். இந்த நோய்க்குக் கட்டம் இல்லை. ஸ்கேலை வைத்து நானே ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, ஐந்து என்று எழுதி, இரண்டு பக்க விளக்கத்தோடு பஸ் ஏறிச் சேலத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அதிகாரி முதலில் நான் போட்ட கட்டத்தைத்தான் பார்த்தார். "மேடம், இந்தப் படிவம் அரசாங்க அச்சகத்துல அடிக்கிறது. நாமளா கோடு போடக் கூடாது." பிறகு விளக்கத்தைப் படித்தார். "எல்லாரும் வயசானவங்க. பீடிக்காரங்க. ஏற்கெனவே நெஞ்சு பலவீனம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு நிமோனியா வந்ததுல என்ன அதிசயம்?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது, ஆனால் காகிதத்தில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். நெஞ்சு பலவீனமானவர்கள் எல்லாரும் ஏன் அந்த ஒரே மூலையில் போய் உட்கார்ந்தார்கள் என்று எழுதினால், யார் உட்கார வைத்தது என்றும் எழுத வேண்டும். முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் அவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருந்தேன். என் சீட்டைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

அலுவலகத்துக்கு வெளியே ஒரு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடுமோ என்று பயம். அதைவிட, ஊர் சிரிக்குமே என்று பயம். அப்போதுதான் அந்த வெட்கப்பட்டவர்கள் ஞாபகம் வந்தது. என் முன்னால் சட்டையைக் கழற்ற மறுத்து, அதனால் சீட்டு கிடைக்காமல், அதே இழுப்போடு தூசியிலேயே நின்றவர்கள். அவர்களில் யாருக்காவது இந்தக் காய்ச்சல் வந்ததா?

திரும்பிப் போய் மறுநாள் ஷிப்ட் விடும் நேரத்தில் மில் கேட்டில் நின்றேன். அதற்குள் விஷயம் பரவியிருந்தது. இத்தனை வருஷமும் துண்டுக்கு மேலேயே கேட்கச் சொன்ன மகராசர்கள் அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு டஜன் நெஞ்சுகள். பழனியப்பன் நெஞ்சைப்போலவே விசில் அடித்த நெஞ்சுகள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. என்னிடம் வைத்தியம் பார்க்காத புண்ணியத்தில் பிழைத்திருந்தார்கள்.

இரண்டாம் அறிக்கையை எழுதினேன். அதே நெஞ்சு பலவீனம், அதே ஷெட், அதே பீடி. இவர்களுக்கு வரவில்லை, அவர்களுக்கு வந்தது, வித்தியாசம் அந்த இடம் ஒன்றுதான். கடைசி வரி: "நோயுற்ற ஐவரும் அந்த இடத்தில் அமர்ந்தது, தூசி இல்லாத இடம் தருமாறு நான் எழுதிய சீட்டுகளினால்." ஒன்பது சீட்டுக்கும் நகல் வைத்தேன்.

அதிகாரி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், கடைசி வரியை அடிச்சிடலாம். இதுல உங்க பேரு வருது."

"அந்த வரியை அடிச்சா மத்த வரி எதுவும் நிக்காது சார்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "கட்டம் இல்லாத நோய்க்கு நான் உத்தரவு போட முடியாது. கொசுவுக்குப் போட முடியும்" என்றார். அந்த வாரமே ஜில்லாவிலிருந்த அத்தனை நூல் மில்லுக்கும் ஒரு சுற்றறிக்கை போனது. விடுமுறைக்குப் பிறகு தொட்டித் தண்ணீரை முழுக்க இறைத்துப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகே பிளாண்டை ஓட்ட வேண்டும், கொசு ஒழிப்பை முன்னிட்டு. என் அறிக்கையையும் கடைசி வரியோடு மேலே அனுப்பினார். மேலேயிருந்து என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. விளக்கம் கொடுத்தேன். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பயந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ரத்த சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கேட்பீர்கள். செங்கோடனின் ரத்தத்தை ஐஸ் ஃபிளாஸ்க்கில் வைத்து ஒரு பெரிய மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தேன். மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தமும் வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும் என்று பதில் வந்தது. என் ஒரு மணி நேரப் பேச்சில் இதையும் சொல்லியிருந்தேன், மறந்துபோயிற்று. அதற்குள் செங்கோடன் வேலைக்குப் போய்விட்டார். "ஒருக்கா எடுத்ததே இன்னும் ஊறலீங்க, மறுக்காவா?" என்று மூன்று நாள் என் கண்ணில் படாமல் ஒளிந்தார். நல்லம்மாதான் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார். முடிவு பொங்கலுக்கு அப்புறம் வந்தது. நீங்கள் நினைத்ததாகவே இருக்க வேண்டும் என்று ஒன்றரை வரி. வந்தவுடனே சொல்லுங்கள், நிறுத்திவிடலாம் என்று மேனேஜர் சொன்னாரே, அந்த ஒன்றரை வரிக்காகக் காத்திருந்தால் ஏற்காட்டில் உட்கார ஆளே மிஞ்சியிருக்காது. சந்தேகம் வந்த அன்றைக்கே சொல்லுங்கள். தப்பாகப் போனால் சிரிப்பார்கள், அதனால் யாருக்கும் நிமோனியா வராது.

அந்த முடிவு வந்த வாரம்தான் பாவாயி டிஸ்பென்சரிக்கு வந்தார். கூட அவர் மகள். பழனியப்பனின் வேலையை மகளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஷெட்டில் நின்று இரண்டு மாதத்திலேயே அந்தப் பெண்ணுக்கும் இழுப்பு ஆரம்பித்துவிட்டது, அப்பன் வழி உடம்பு.

"அவருக்கு எழுதிக் குடுத்தீங்களே, அந்தச் சீட்டு இவளுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க சாமி. அவரு கடைசி வரைக்கும் உங்களைத்தான் சொல்லுவாரு. அந்த எடத்துக்குப் போன பொறவுதான் நிம்மதியா மூச்சு உடறேன்னு."

சேலத்தில் அதிகாரிக்கு எழுதிய வரியை நான் இந்த அம்மாளுக்குச் சொல்லவே இல்லை. எட்டு மைலில் அவர் வீடு. போயிருக்கலாம். போகவில்லை. அறிக்கையில் எழுதியாயிற்று, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொட்டியை, சாரலை, சீட்டை. நெஞ்சு பலவீனம் என்று அன்றைக்கு நான் சொன்னது பாதிப் பொய் என்பதையும் சொன்னேன்.

பாவாயி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க" என்றார்.

"மாட்டேன்."

"இன்னிக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும்."

"அப்ப இன்னிக்கு எழுதுங்க."

காகிதத்தை எடுத்தேன். பேனாவையும் திறந்தேன். பிறகு மூடி வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டு, அவள் அப்பாவிடம் நான் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"சீட்டு எழுதினா உன்னை எங்கம்மா உக்கார வெப்பாங்க? அங்க தலைக்கு மேல என்ன இருக்கு?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று பேரும் எழுந்து அந்த இருநூறடியை நடந்தோம்.